பி-29 அணுகுண்டுக்காகப் பிறந்த விமானம் அல்ல

"பி-29 விமானத்தை வடிவமைத்ததே அணுகுண்டு போடத்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்மீது அணுகுண்டு வீசிய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம்தான் பி-29. காலக்கணக்கு இடிக்கிறது. நீண்ட தூரம் பறக்கும் குண்டுவீச்சு விமானம் வேண்டுமென்று அமெரிக்க ராணுவம் கேட்டது 1940 தொடக்கத்தில். அணுகுண்டு செய்வதற்கான மன்ஹாட்டன் திட்டம் அமைந்ததோ 1942 ஆகஸ்ட்டில். அடுத்த மாதமே பி-29 பறந்துவிட்டது.

அப்போது பி-29-ஐக் கட்டிய போயிங்கின் தலைவலி ரைட் ஆர்-3350 எஞ்சின்தான். சூடேறித் தீப்பிடிக்கும், உறையில் மெக்னீசியம் இருந்ததால் பிடித்த தீயை அணைப்பதும் பெரும்பாடு. 1943 பிப்ரவரியில் சியாட்டிலில் சோதனை விமானி எடி ஆலன் இறந்ததும் எஞ்சின் தீயால்தான்.

முதல் போர்த் தாக்குதல் 1944 ஜூனில், வங்காளத்தின் கரக்பூர் வட்டாரத் தளங்களிலிருந்து பாங்காக் மீது. ஆகஸ்ட்டில் திருகோணமலை சீனன்குடாவிலிருந்து கிளம்பிச் சுமத்ரா தீவின் பலெம்பாங்கைத் தாக்கின (இது நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது). 1945 மார்ச்சில் டோக்கியோவை எரித்தவையும் பி-29கள் வீசிய சாதாரண தீக்குண்டுகள்தான்.

சரி, அணுகுண்டுக்கு? 'சில்வர்பிளேட்' என்ற பெயரில் சில விமானங்களை மட்டும் மாற்றினார்கள்: குண்டறையைத் திருத்தி, வால் துப்பாக்கி தவிர மற்ற சுழலும் துப்பாக்கிப் பீடங்களைக் கழற்றி எடை குறைத்தார்கள். முதலிலேயே அதற்காகக் கட்டியிருந்தால் இந்த வேலை எதற்கு?