'46' என்பது நாலும் ஆறும் அல்ல

அமெரிக்கக் கால்பந்தின் 1985 சிகாகோ பேர்ஸ் அணியின் பழைய காட்சிகளோடு ஒரு தகவல் சுற்றுகிறது: "46 டிஃபென்ஸ் என்றால் 4 லைன்மேன், 6 லைன்பேக்கர்." (டிஃபென்ஸ் என்பது தற்காப்பு அமைப்பு; லைன்மேன் முன்வரிசையில் நிற்பவர், லைன்பேக்கர் அவருக்குப் பின்னால் நிற்பவர்.) தவறு. பயிற்சியாளர் பட்டி ரயன் (Buddy Ryan) இதை வகுத்தபோது அந்த அணியில் ஆடிய சேஃப்டி (பின்களத் தற்காப்பு வீரர்) டக் பிளாங்கின் ஜெர்சி எண்தான் 46. அவர் 1982-க்குப் பிறகு பேர்ஸுக்கு ஆடவில்லை. எண் மட்டும் நிலைத்துவிட்டது. இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்தை 46-10 என வென்றதால் வந்த பெயர் என்பதும் தவறு. பெயர் அதற்கு முன்பே உண்டு.

களத்தில் நின்றது 4 லைன்மேன், 3 லைன்பேக்கர், 4 பின்கள வீரர்கள். சூட்சுமம் நிற்கும் இடத்தில். எதிரணியின் சென்டர், இரண்டு கார்டுகள் (முன்வரிசை நடுவில் நிற்கும் தடுப்பாளர்கள்) மூவருக்கும் நேரெதிரே ஆளுக்கொரு லைன்மேன். நான்காவது லைன்மேன் ரிச்சர்ட் டென்ட் ஒரு ஓரத்தில் தனியாக. லைன்பேக்கர்கள் ஓட்டிஸ் வில்சன், வில்பர் மார்ஷல் இருவரும் டைட் எண்ட் (எதிரணி முன்வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) பக்கமே. இரு சேஃப்டிகளில் ஒருவரான ஸ்ட்ராங் சேஃப்டி முன்னேறி லைன்பேக்கர் போல நிற்பார். எட்டுப் பேர் பந்தருகே குவிவதால் தடுப்பாளர்களால் ஒருவருக்கொருவர் உதவ முடியாது. அந்த இறுதிப் போட்டியில் எதிரணி பந்தோடு ஓடி எடுத்தது வெறும் 7 யார்டு!

"யாராலும் உடைக்க முடியவில்லை" என்பதும் மிகை. 1985 டிசம்பர் 2 அன்று மயாமி 38-24 என வென்றது. மூன்று ரிசீவர்களை (பந்தைப் பிடிப்பவர்களை) நிறுத்தி, அவர்களில் நாட் மூரை உள்பக்கம் அனுப்பி, பந்தை எறியும் குவாட்டர்பேக் டான் மரினோ பந்தைச் சட்டென்று எறிந்தார். பின்னால் ஆள் குறைவு என்பதே இந்த அமைப்பின் பலவீனம்.