சதுரத்தைச் செவ்வகமாக்குனது நீங்க, கூலி குடுக்கறது நாங்களா?

"ரீச் ஏன் விழுந்துச்சு? ஒழுங்கா போஸ்ட் போடறீங்களா இல்லையா?" மாசக் கடைசியானா சென்னையில சோஷியல் மீடியா வேலை பாக்கறவங்க வாட்ஸ்அப்புல வந்து விழுற கேள்வி இதுதான். ரீச்னா போஸ்ட் எத்தனை பேர் கண்ணுல படுதுங்கற கணக்கு. தி.நகர் ஜவுளிக்கடை முதலாளியும் கேக்கறாரு, மடிப்பாக்கத்துல ஆரி பிளவுஸ் தைக்கற அக்காவும் கேக்கறாங்க, மயிலாப்பூர்ல பருப்புப் பொடி போடற மாமியும் கேக்கறாங்க. கடை உங்களுது சார், ரோடு இன்ஸ்டாகிராம்காரனுது. மெட்ரோ வேலைக்கு ராத்திரியோட ராத்திரியா ஒன்வே ஆக்குற மாதிரி அவன் பாட்டுக்கு மாத்திட்டுப் போறான். நேத்து வரைக்கும் வாசல்ல வந்து நின்ன ஜனம் இன்னிக்கு வேற தெருவுல போகுது.

2025 ஜனவரியை எடுத்துக்குங்க. அது வரைக்கும் இன்ஸ்டாகிராம் ப்ரொஃபைல் கட்டம்னா சதுரம்தான். அதை நம்பி ஒம்பது போஸ்ட்டைச் சேர்த்து ஒரே படமா அடுக்கி வெச்ச பிராண்டு எத்தனையோ. திடீர்னு இனிமே 3:4 (அகலம் 3, உயரம் 4) செவ்வகம்னுட்டாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 1080க்கு 1080 பிக்சல்ல செஞ்ச பழைய படம் அந்தக் கட்டத்துல 810 பிக்சல் அகலத்துக்குத்தான் தெரியும். இந்தப் பக்கம் 135, அந்தப் பக்கம் 135 காணோம். "ஆடித் தள்ளுபடி 50%"ன்னு ஓரம் வரைக்கும் எழுதியிருந்தா முன்னாடி "ஆ" போச்சு, பின்னாடி 50% போச்சு, நடுவுல "டித் தள்ளுபடி" மட்டும் நிக்குது! சரி, 4:5 போட்டவன் தப்பிச்சானா? அவனுக்கும் ரெண்டு ஓரத்துலயும் சுமார் 34 பிக்சல் போகும். ஒவ்வொரு போஸ்ட்டாத் திறந்து ப்ரிவ்யூவை அட்ஜஸ்ட் பண்ணலாம்தான். ஐந்நூறு போஸ்ட் இருக்கற ஜவுளிக்கடைக்கு அதை யார் உக்காந்து பண்றது? அந்த வேலைக்கு எந்த முதலாளி தனியா பில் ஏத்துக்கறாரு?

ரீல்ஸ் இதைவிட மோசம். 1080க்கு 1920ல வீடியோ செய்யறோம். விளம்பர ரீல்ஸுக்கு மேல 14%, கீழ 35%, பக்கத்துக்கு 6% காலியா விடுங்கன்னு இன்ஸ்டாகிராமோட ஓனர் மெட்டாவே சொல்லுது. அதாவது மேல சுமார் 270 பிக்சல், கீழ 670 பிக்சல்ல எழுத்தே இருக்கக்கூடாது. கேப்ஷனும் பட்டனும் அங்கதான் வந்து உக்காரும். ஆனா நம்ம முதலாளிங்களுக்கு ஃபோன் நம்பர் கீழதான் வேணும், அதுவும் கொட்டை எழுத்துல. போட்டுக் குடுத்தா பத்து இலக்கத்துல ஒண்ணுகூடத் தெரியாது. அதுக்கும் திட்டு நமக்குத்தான். கவர் படம் தனிக் கதை. ப்ரொஃபைல் கட்டத்துல மேலயும் கீழயும் 240 பிக்சல் வெட்டுப்படும், அதனால தலைப்பு நடுவுல இருக்கற 1440க்குள்ள அடங்கியே ஆகணும்.

இந்தக் கூத்துக்கு நடுவுல தமிழ் எழுத்துக்குன்னு தனிப் பாடு. பழைய ஃபோட்டோஷாப்புல டைப் செட்டிங்ல வேர்ல்ட் ரெடி லேஅவுட்டை ஆன் பண்ணாம யூனிகோட் தமிழ் அடிச்சா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும். அப்படியே பிரிண்டுக்குப் போயி பேனரா தொங்கறதை ஊர் முழுக்கப் பாக்கறோம்.

பாட்டு விஷயத்துக்கு வருவோம். "டிரெண்டிங்ல இருக்கற அந்த சினிமா பாட்டைப் போடுங்க, ரீச் பிச்சுக்கும்"னு ஒரு வாய்ஸ் நோட் வரும். பிசினஸ் அக்கவுண்ட்டுக்கு அந்தப் பாட்டு லைப்ரரி கிடைக்காது. மெட்டாவோட ராயல்டி இல்லாத சவுண்ட் கலெக்‌ஷன்தான் கதி. உடனே ஒரு புத்திசாலி, "கிரியேட்டர் அக்கவுண்ட்டா மாத்திடுங்க"ம்பாரு. மாத்தினா பாட்டு வரும், ஆனா அந்த லைசென்ஸ் வியாபாரத்துக்கு இல்ல. உரிமை வெச்சிருக்கறவங்க கேட்டா சத்தம் கட், வீடியோ ஊமை. அந்த ரீல் நல்லா ஓடுதேன்னு காசு கட்டி விளம்பரமா பூஸ்ட் பண்ணப் போனா, காப்பிரைட் பாட்டு இருக்கு, முடியாதுன்னு நிக்கும். கடைக்காரரே கேமரா முன்னாடி நின்னு துணியைப் பத்தி நாலு வார்த்தை பேசினா இந்தத் தலைவலியே கிடையாது. பேச மாட்டாங்க. வெக்கமாம்.

ஹேஷ்டேகைப் பத்திப் பேச என்ன இருக்கு? 30 போடலாம்னாங்க, போட்டோம். 2024 டிசம்பர்ல ஹேஷ்டேகை ஃபாலோ பண்ற வசதியையே எடுத்தாங்க. 2025 டிசம்பர்ல 5 போதும்னுட்டாங்க. இன்னமும் மூணாயிரம் ரூபா கோர்ஸ் நடத்தறவன் 30 ஹேஷ்டேக் லிஸ்ட்டை பிடிஎஃப்ல வித்துக்கிட்டிருக்கான். 2025 ஜூலையில இருந்து பொதுவுல இருக்கற பிசினஸ் அக்கவுண்ட் போஸ்ட்டை கூகுள்ல காட்டறாங்க. அதனால கேப்ஷன் முதல் வரியில "வேளச்சேரியில் ஆரி பிளவுஸ், இவ்வளவு நாளில் டெலிவரி"ன்னு மனுஷன் தேடற வார்த்தையை எழுதறதுதான் உருப்படியான வேலை. "விலைக்கு டிஎம் பண்ணவும்"னு எழுதினா யாரு தேடிக் கண்டுபிடிப்பா?

இப்ப காசு விஷயம். "தினம் 200 ரூபாய்க்கு பூஸ்ட் போடு, பாத்துக்கலாம்." இந்த வாக்கியத்தைத் தடை பண்ணணும். முதல்ல, 200ன்னா 200 இல்ல, 18% ஜிஎஸ்டி தனி. கடைக்கு ஜிஎஸ்டி நம்பர் இருந்தா விளம்பர அக்கவுண்ட் பில்லிங்ல அதைப் போட்டு வைங்க, இல்லன்னா இன்புட் கிரெடிட்டும் (கட்டின வரியை நம்ம வரியில கழிச்சுக்கறது) போச்சு. வீட்ல இருந்து வியாபாரம் பண்ற அக்காவுக்கு நம்பர் இல்ல, அவங்களுக்கு அது முழுசா செலவுதான்.

ரெண்டாவது, விளம்பரத்தை யாருக்குக் காட்டினா பலன்னு மெட்டாவோட சிஸ்டம் கத்துக்கறதுக்கு ஒரு ஆட் செட்டுக்கு (ஒரே மாதிரி ஆளுங்களைக் குறிவெச்சு ஓடற விளம்பரத் தொகுப்பு) ஏழு நாள்ல சுமார் 50 ரிசல்ட் வேணும். ஒரு வாட்ஸ்அப் மெசேஜுக்கு 40 ரூபா ஆகுதுன்னு வெச்சுக்குங்க. 50 மெசேஜுக்கு 2,000 ரூபா, அதாவது ஒரு நாளைக்கு 286 ரூபா, அதுவும் ஒரே ஆட் செட்டுக்கு. நம்மாளு என்ன பண்றாரு? 280 ரூபாயை அண்ணா நகர், வேளச்சேரி, தாம்பரம், தி.நகர்னு நாலாப் பிரிச்சு 70, 70 ரூபாயாப் போடறாரு. வாரத்துக்கு ஒரு செட்டுக்குப் பன்னெண்டு மெசேஜ். ஜென்மத்துக்கும் கத்துக்காது. போதாக்குறைக்கு மூணாம் நாளே "ரிசல்ட் இல்லையே"ன்னு படத்தை மாத்து, வயசை மாத்துன்னு ஒரே நச்சரிப்பு. ஒவ்வொரு தடவை அப்படி மாத்தும்போதும் படிப்பு ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து மறுபடி ஆரம்பிக்கும். ஒரு வாரம் கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா?

மூணாவது, இடம். "சென்னை"ன்னு மட்டும் போட்டா இங்க குடியிருக்கறவங்க மட்டும் இல்ல, சமீபத்துல இங்க வந்துட்டுப் போனவங்களும் சேத்திதான். சென்ட்ரல்ல இறங்கி வேற வண்டி பிடிச்சவருக்கும் உங்க டிஃபன் சென்டர் விளம்பரம் போகலாம். கடை மேல பின் குத்தி, டெலிவரி போற தூரத்துக்கு மட்டும் வட்டம் போடுங்க. ஒரு கிலோமீட்டர் வரைக்கும் சுருக்கலாம்.

"சரி, வாட்ஸ்அப்புக்குப் போயிடறோம்"னு கிளம்பறவங்களுக்கும் ஒரு சேதி. சாதா பிசினஸ் ஆப்புல ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு 256 பேர், அதுவும் உங்க நம்பரை சேவ் பண்ணவங்களுக்குத்தான் போகும். ஏபிஐ (சாஃப்ட்வேர் மூலமா மொத்தமா அனுப்பற வழி) வழியா அனுப்பினா 2025 ஜூலையில இருந்து மார்க்கெட்டிங் மெசேஜ் ஒவ்வொண்ணுக்கும் காசு. அங்கயும் அதே கம்பெனிதான். ஆனாலும் பில் போடும்போதே வாடிக்கையாளர்கிட்ட கேட்டு நம்பரை ஒரு எக்செல்ல ஏத்தி வெச்ச கடைக்காரர் கையில ஏதோ மிஞ்சும். 2020 ஜூன்ல டிக்டாக்கைத் தடை பண்ணப்போ ஃபாலோயரை மட்டுமே நம்பியிருந்தவங்களுக்கு அதுகூட மிஞ்சல.

தீபாவளிக்கு டிசைன் செய்யறவங்க இப்போதைக்கு 1080க்கு 1440ல செய்யுங்க, மேலயும் கீழயும் 45 பிக்சல் எழுத்தில்லாம விடுங்க, 4:5ல வெட்டினாலும் தப்பிக்கும். லேயரோட ஃபைலை (எழுத்து, படம் எல்லாம் தனித்தனியா மாத்தற மாதிரி) சேவ் பண்ணி வைங்க. வெறும் ஜேபெக்கை மட்டும் வெச்சுக்கிட்டு, அடுத்த தடவை அளவு மாறும்போது எங்ககிட்ட வந்து "சின்ன கரெக்‌ஷன்தானே, ஃப்ரீயா பண்ணிக் குடுங்க"ன்னு நிக்காதீங்க.