சூடு பண்ணினால் சரியாகிவிடுமா?

சென்ற மாதம் சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் எங்கள் உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குப் போயிருந்தோம். காலை பதினொரு மணிக்கு கேட்டரிங் உணவு வந்து இறங்கியது. பிற்பகல் மூன்று மணிக்குள் உண்ண வேண்டும் என்று நேரம் குறித்த வில்லை ஒன்று மேசை ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. மாலை ஆறு மணிக்கு, மூடியின் உட்புறம் நீர் முத்துமுத்தாகக் கோத்து நின்ற தட்டிலிருந்து அத்தை நெய்ச்சோற்றை டப்பாக்களில் அள்ளிக்கொண்டிருந்தார். "நேரம் தாண்டிவிட்டதே அத்தை" என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "வாடையே இல்லையேம்மா, ராத்திரி நல்லா சூடு பண்ணினா ஒன்னும் செய்யாது" என்றார். அன்றிரவு அதைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் அத்தையின் ஆறு வயதுப் பேரன் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தான். அந்தச் சோற்றை யாரும் சோதனைக்கு அனுப்பவில்லை; எனவே அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தை சொன்ன இரண்டு காரணங்களும் தவறு என்பதை ஆய்வாளர்கள் எப்போதோ நிறுவிவிட்டார்கள்.

அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா, தடித்த உறை போர்த்திய வித்துகளாக மாறிக் கொதிநீரையும் தாங்கிக்கொள்ளும். சோறு வெந்தபின் நம் ஊர் வெக்கையில் மணிக்கணக்கில் வெளியே இருந்தால், அந்த வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சு ஒன்றைச் சோற்றிலேயே சுரந்துவிடுகின்றன. 121 பாகை செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அந்த நச்சு சிதையாது என்னும்போது, மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் சுற்றவிடுவதால் என்ன ஆகப்போகிறது? கிருமி சாகலாம், அது விட்டுச்சென்ற நஞ்சு அப்படியே இருக்கும். அதற்கு வாடையும் கிடையாது, சுவையும் கிடையாது.

மூக்கை நம்பக்கூடாது என்பதற்கு நம் சிங்கப்பூரே பெரும் சான்று. 2015ஆம் ஆண்டில் நல்ல உடல்நிலையில் இருந்த பெரியவர்கள் பலர் மூளையுறை அழற்சி, மூட்டுத் தொற்று எனக் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். அதற்குக் காரணமான பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியைப் பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் ஒன்றாகவே மருத்துவர்கள் அதிகம் அறிந்திருந்தார்கள். அது உணவு வழியாகப் பரவும் என்பது அதுவரை அறியப்பட்டிருக்கவில்லை. நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளின் மரபணுத் தொடரை ஒப்பிட்டுப் பார்த்துத்தான், எஸ்டி283 என்ற ஒரே வகையே பரவியிருப்பதையும், கஞ்சியுடன் பச்சையாகப் பரிமாறப்பட்ட நன்னீர் மீன்களோடு அது தொடர்புடையதையும் கண்டறிந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், சமைக்காமல் பரிமாறும் உணவில் நன்னீர் மீனைப் பயன்படுத்தத் தடை வந்தது. அந்த மீன் துண்டுகள் எல்லாம் பார்வைக்குப் பளபளவென்று புதியதாகவே இருந்திருக்கும். 2009இல் கேலாங் சராயில் ரோஜாக் சாப்பிட்ட 154 பேர் நோயுற்று இருவர் இறந்ததையும் நாம் மறந்துவிடக் கூடாது. பச்சைக் கடலுணவில் இருந்த கிருமி, தயாரான உணவுக்குத் தாவியதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

"நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கு இந்தப் பயமில்லை" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2014இல் ஐநா உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் வெளியிட்ட உணவுவழி ஒட்டுண்ணிகளின் தரவரிசையில் முதலிடம் பெற்றது பன்றி நாடாப்புழு. அதன் முட்டைகள் மனிதக் கழிவு கலந்த நீர் பட்ட பச்சைக் காய்கறிகள் வழியாகவும் உடலுக்குள் போகும். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்கினால் வலிப்பு வரலாம். இறைச்சியைத் தொட்டே இராதவர்களுக்கும் அந்த நோய் வந்திருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் இவ்வளவும் கண்டுபிடிக்கப்பட்டும், ஒரு வில்லையில் அச்சான நேரமாக மட்டுமே அது நம் வீட்டுக்குள் வருகிறது என்பதுதான் என் ஆதங்கம். அந்த நேரம் ஏன் குறிக்கப்பட்டது என்பதைக் கோயில் அன்னதானத் தொண்டர்களுக்கும், விருந்து வைக்கும் குடும்பங்களுக்கும் தமிழில், சோற்றையும் சாம்பாரையும் எடுத்துக்காட்டி, சிங்கப்பூர் உணவு அமைப்பு இன்னும் விரிவாக விளக்க வேண்டும். நாமும் ஒன்று செய்யலாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவை விருந்து முடிந்தபின் மிச்சத்திலிருந்து அள்ளாமல், வந்து இறங்கியவுடனேயே தட்டையான டப்பாக்களில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். அடுத்த மாதம் பேரனின் பிறந்தநாளுக்கு அப்படித்தான் செய்யப்போவதாக அத்தை சொல்லியிருக்கிறார். டப்பாக்களை வாங்கித் தரும் பொறுப்பு என்னுடையது.