வண்டு சாகவில்லை என்றால் குடோன்காரன் திருடனா?

அந்த ரேஷன் அரிசி வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். மூட்டையைப் பிரித்ததும் வண்டு ஊர்கிறது. பார்த்தால் யாருக்கும் கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் அதன் கீழே ஒருவர், "மாத்திரையை வித்துத் தின்னுட்டானுங்க" என்று எழுதியிருக்கிறார். அதற்கு எத்தனை லைக்! அரிசியில் வண்டைக் கொல்லக் குடோனில் போடும் மருந்து மாத்திரையைத்தான் சொல்கிறார். என் அப்பா முப்பது வருடம் குடோனில் மருந்து போட்டவர். அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாத்திரை குறைந்ததால்தான் வண்டு பிழைத்தது என்று எப்படித் தெரியும்? முழு அளவு போட்டாலும் சாகாத வண்டு இருக்கிறது. 1972-73இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலகம் முழுக்கப் பூச்சிகளைச் சேகரித்துச் சோதித்தபோதே, சுமார் பத்தில் ஒரு பங்கு மாதிரிகளில் அந்த மாத்திரை விடும் பாஸ்பீன் வாயுவைத் தாங்கும் பூச்சிகள் இருந்தன. அந்தத் தாங்கும் சக்திக்குக் காரணமான முக்கிய மரபணுவை 2012இல் சிவப்பு மாவு வண்டிலும் தானியத் துளைப்பானிலும் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டு வண்டுகளிலும் அதே மரபணுவில் மாற்றம் உண்டு.

இந்த வண்டு எப்படி உருவானது? மருந்து குறைந்து மட்டுமல்ல, மூடல் சரியில்லாமல்தான் பெரும்பாலும். மூன்று கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரத்தை வாங்கி ஒரு கிராம் வாயு விடும். அட்டியை, அதாவது மூட்டை அடுக்கை, மூடிய தார்பாயில் ஒரு கிழிசல் இருந்தால் போதும், வாயு வெளியே போய்விடும். வளர்ந்த வண்டு சீக்கிரம் சாகும். முட்டையும் கூட்டுப்புழுவும் நாள் கணக்கில் தாக்குப்பிடிக்கும். பாதி வாயுவில் பிழைத்ததுதான் அடுத்த தலைமுறையைப் பெறுகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: மாத்திரையை எண்ணாதீர்கள், மூடிய நாளை எண்ணுங்கள்.

அப்பா தார்பாய் ஓரம் முழுக்க மணல் பை அடுக்குவார். கிழிசலுக்கு டேப் ஒட்டிவிட்டு விளக்கைப் பிடித்து உள்பக்கம் பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் சட்டையில் பூண்டு அழுகிய மாதிரி ஒரு வாசம். அம்மா அதைத் தனியாகத்தான் துவைப்பார். ஒருமுறை ஏழு நாள் மூட வேண்டிய அட்டியை, லாரி வந்துவிட்டது என்று மூன்றாம் நாளே பிரிக்கச் சொன்னார்கள். "இன்னும் நாலு நாள் குடுங்க சார்" என்று கெஞ்சியிருக்கிறார். கேட்கவில்லை. அன்று ஒரு வண்டைத் தாளில் மடித்து எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். செத்தது போல மல்லாந்து கிடந்தது. சற்று நேரத்தில் ஒரு கால் மெல்ல அசைந்தது. "பாத்தியா?" என்றார், அவ்வளவுதான்.

"அப்போ யாருமே திருடலையா?" என்று கேட்பீர்கள். எங்காவது நடந்திருக்கும். அதற்காக எல்லோரையுமா?

"வேறு மருந்து மாற்றலாமே" என்கிறார்கள். மெத்தில் புரோமைடு இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளரும் நாடுகளும் 2015இல் நிறுத்தின. ஏற்றுமதிச் சரக்கு, பூச்சி நாடு விட்டு நாடு பரவாமல் தடுப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. இவ்வளவு மலிவாகவும் சுலபமாகவும் கையில் மிஞ்சியது பாஸ்பீன்தான். அதையும் ஓட்டைத் தார்பாயில் வீணடிக்கிறோம்.

"வேப்பிலை போதாதா?" என்றும் ஒரு அண்ணன். என் பாட்டியும் குதிருக்குள் வேப்பிலை போட்டவர்தான். இரண்டு மூட்டைக்குச் சரி. ஆயிரக்கணக்கான மூட்டைக்கு எத்தனை மரத்தை உருவுவீர்கள் அண்ணா?

எனக்கு வலிப்பது வேறு. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அந்த விஷத்துக்குள் போனவர் என் அப்பா. சரியான முகமூடி கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர். இன்று வீட்டில் உட்கார்ந்து, தன்னைத் திருடன் என்கிற வரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார்.

காலையில் அந்த வீடியோவை அவரே இரண்டு முறை போடச் சொன்னார். மூட்டையையும் வண்டையும் உற்றுப் பார்த்துவிட்டு போனைத் திருப்பித் தந்தார். "எத்தனை நாள் மூடி வச்சிருந்தாங்கன்னு அந்தப் பையன் கேட்டானா?"