ஸ்பிரே அடித்தால் மெழுகு கரையாது

மேலே ஒருவர், “லடாக் குளிரில் லாரி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரி வீக், ஈதர் ஸ்பிரே அடித்தால் போதும்” என்று எழுதியிருக்கிறார். ஈதர் என்பது எஞ்ஜின் பிடிக்க அடிக்கும், சட்டெனத் தீப்பற்றும் திரவம். பேட்டரி விஷயம் பாதி சரி. மைனஸ் 18 டிகிரியில் அதன் திறன் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஆனால் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்ஜின் பிடிக்கவில்லை, அல்லது பிடித்து இரண்டு நிமிடத்தில் அணைகிறது என்றால் பெரும்பாலும் கோளாறு டீசலில்தான். சாதாரண டீசலில் உள்ள பாரஃபின் மெழுகு கடுங்குளிரில் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஸ்பிரே அதைக் கரைக்காது. எஞ்ஜினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்கோ, உள்ளே போகும் காற்றைச் சூடேற்றும் இன்டேக் ஹீட்டரோ உள்ள வண்டியில் அடித்தால் ஈதர் நேரங்கெட்டுத் தீப்பிடிக்கும். பிஸ்டன் ரிங் உடைந்தால் செலவை யார் கொடுப்பது?

இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்கிற்கென்றே குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. மைனஸ் 33 டிகிரியிலும் அது உறையாது. டேங்கில் பழைய டீசல் குறைவாக இருக்கும்போது அதை நிரப்பி, ஃபில்டர் வரை போய்ச் சேரக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். டீசல் உறைந்த பிறகு, உறையாமலிருக்க அதில் கலக்கும் ஜெல் தடுப்பு மருந்தை ஊற்றிப் பெரிய பயனில்லை. ஃபில்டரைச் சூடான இடத்தில் வைத்து இளக்க வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். அப்புறம், டேங்குக்கு அடியில் தீ மூட்டுகிற வேலை தயவுசெய்து வேண்டாம்.