கடன் தீர்ந்த அனல்மின் நிலையம் மலிவானதா?

பழைய அனல்மின் நிலையத்தை மூடலாமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான். "போட்ட முதல் எப்போதோ திரும்பி வந்தாச்சு, கடனும் தீர்ந்தது, இனி நிலக்கரிச் செலவு மட்டும்தான். இதைவிட மலிவாக யார் கரண்ட் கொடுப்பார்?" கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் இது சரிதான். அந்தப் புத்தகத்தில் புகைபோக்கிக்கு ஒரு பக்கம்கூட இல்லை என்பதுதான் என் சண்டை.

நிலக்கரியில் உள்ள கார்பன் 12 கிலோ எரிந்தால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால், உள்ளே போனதைவிட வெளியே வருவது கனம். பழைய நிலையம், எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். மீதி குளிரூட்டும் நீரோடும் புகையோடும் போய்விடும். புதிய வகை நிலையங்கள் 40 சதவீதத்தைத் தாண்டுகின்றன. பழசில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொள்ளலாம். 500 மெகாவாட் நிலையம் முழு வேகத்தில் ஓடினால் 500 டன். ஒரு நாளைக்கு இல்லை, ஒரு மணி நேரத்துக்கு.

இப்போது சூரிய மின்சாரம் வந்தபிறகு பகலில் பழைய நிலையத்தைக் குறைத்து ஓட்டி, மாலையில் ஏற்றுகிறார்கள். மொத்தத்தில் எரிப்பது குறைகிறது, நல்லதுதான். ஆனால் பாதிச் சுமையில் ஓடும் பாய்லரின் திறன் இன்னும் இறங்கும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, குழாய்கள் கசியும். நிறுத்திய பாய்லரை மறுபடி மூட்ட முதலில் எண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டும். எந்நேரமும் ஒரே சீராக ஓடுவதற்காகக் கட்டிய இயந்திரம் அது.

செய்திப் படங்களில் காட்டும் அகன்ற வாய்க் கோபுரங்களிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவது வெறும் நீராவி. கார்பன் டை ஆக்சைடு பக்கத்தில் நிற்கும் ஒல்லியான புகைபோக்கி வழியாகப் போகிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதனால்தான் "நவீனப்படுத்திவிட்டோம், இப்போது புகையே இல்லை பாருங்கள்" என்று சொல்லித் தப்பிக்க முடிகிறது. சாம்பலைப் பிடிக்கும் கருவியும் கந்தகத்தை நீக்கும் கருவியும் அவசியம், சுற்றி வாழ்பவர்களின் நுரையீரலுக்கு அது பெரிய விஷயம். கார்பனை அவை தொடுவதில்லை. கந்தகத்தை நீக்கச் சுண்ணாம்புக்கல் போட்டால், அந்த வேதிவினையிலேயே இன்னும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு வரும்!

கார்பனையே பிடிக்கலாமே என்பார்கள். கனடாவின் பவுண்டரி டேம் நிலையத்தில் 2014 முதல் ஓர் உற்பத்தி அலகில் செய்கிறார்கள். அதற்கு அந்த நிலையத்தின் நீராவியிலும் மின்சாரத்திலும் ஒரு பெரும் பங்கைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் பாய்லருக்கு அது கிழிந்த சட்டைக்குத் தங்கப் பொத்தான்.

சரி, அப்படியானால் நாளைக்கே பூட்டு போடலாமா? அதற்கும் நான் ஆளில்லை. ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட் 1960களில் தொடங்கிய 1,600 மெகாவாட் நிலையம். பழுப்பு நிலக்கரி என்பதால் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ கார்பன் டை ஆக்சைடு கக்கியது. 2005இல், 2031 வரை ஓட்டும் அளவுக்கு நிலக்கரி எடுக்க அனுமதியும் கொடுத்தார்கள். பிறகு 2016 நவம்பரில் மூடுவதாக அறிவித்து, 2017 மார்ச்சில் மூடியே விட்டார்கள். இடையில் ஐந்தே மாதம். மின்சாரச் சந்தை விலை எகிறியது, நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் திகைத்து நின்றார்கள். அதன் பிறகுதான் மூன்றாண்டு முன்னறிவிப்பு என்ற விதி அங்கே வந்தது. அதே நாட்டின் லிடெல் நிலையத்துக்கு 2015லேயே சொல்லி, 2023 ஏப்ரலில் மூடினார்கள். மூடுவது இரண்டு இடத்திலும் உறுதி, வித்தியாசம் அவகாசத்தில்தான்.

ஆகவே ஆயுள் நீட்டிப்புக்குப் பணம் கேட்டு வரும் எந்த நிலையமும், மூடும் தேதியையும் அதே விண்ணப்பத்தில் எழுதித் தரட்டும். அதுவரை ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதையும் சேர்த்து. இடம் வீணாகாது, மின்தொடரமைப்போடு (கிரிட்) இணைப்பு ஏற்கெனவே இருக்கிறதே. ஹேசல்வுட் வளாகத்தில் 2023இல் 150 மெகாவாட் பேட்டரி வந்துவிட்டது. ஆனால் பேட்டரியைப் பார்த்துக்கொள்ள விரல் விட்டு எண்ணும் ஆட்கள் போதும். பாய்லரோடு முப்பது வருடம் வாழ்ந்தவருக்கு அது வேலை தராது. அவருக்கு வேறு தொழில் கற்றுக்கொடுக்கவும், ஓய்வூதியத்தைச் சரிசெய்யவும், ஊருக்கு இன்னொரு பிழைப்பைக் கொண்டுவரவும்தான் அந்த ஏழெட்டு வருட அவகாசத்தைக் கேட்கிறேன், இன்னும் ஏழெட்டு வருடம் நிம்மதியாக எரிப்பதற்கு அல்ல.