சட்டனூகாவை ஆற்றங்கரையோடு பார்த்துவிட்டுப் போகாதீர்கள்

நான் டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் வசிக்கிறேன். இந்த ஊரின் பெயரைச் சொன்னதும் நம்மவர்களிடமிருந்து இரண்டு விதமான பேச்சுதான் வருகிறது. நியூ ஜெர்சிக்காரர்கள், "டென்னசியா? அங்கெல்லாம் நம்மாட்கள் நிம்மதியா இருக்க முடியுமா?" என்பார்கள். அட்லாண்டாவிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து வார இறுதியைக் கழித்துவிட்டுப் போகிறவர்கள், "இப்படி ஒரு ஊர் இருக்கறதே தெரியாமப் போச்சே, வீடு என்ன விலை போகுது?" என்பார்கள். முதல் பேச்சு என்னைக் கோபப்படுத்தும். இரண்டாவது பேச்சு அதைவிட அதிகமாகக் கவலைப்படுத்துகிறது. ஏன் என்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

புகழ்கிறவர்கள் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1969இல் அமெரிக்காவிலேயே காற்று மிக மோசமாக மாசுபட்ட நகரம் என்று மத்திய அரசின் அறிக்கை இந்த ஊரைக் குறிப்பிட்டது. புகழ்பெற்ற தொலைக்காட்சிச் செய்தியாளர் வால்ட்டர் க்ராங்கைட் அதை மாலைச் செய்தியில் நாட்டுக்கே வாசித்தார். இரும்பு வார்ப்பாலைகளின் புகை சுற்றியுள்ள மலைகளைத் தாண்ட முடியாமல் ஊருக்குள்ளேயே தேங்கி நின்ற காலம் அது. பட்டப்பகலில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டினோம் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, நகர மையம் காலியானது. 1992இல் ஆற்றங்கரையில் டென்னசி அக்வேரியம் திறந்தார்கள். 1978இல் வாகனங்களுக்கு மூடப்பட்டு, இடிக்கப்படவிருந்த வால்நட் தெருப் பாலத்தை ஊர் மக்கள் போராடிக் காப்பாற்றினார்கள். 1993 முதல் அது நடப்பவர்களுக்கான பாலம். 2010இல் ஊர் முழுக்க வினாடிக்கு ஒரு கிகாபிட் வேக இணையம் வந்தது. அவுட்சைட் பத்திரிகை இதைச் சிறந்த ஊர் என்று இரண்டு முறை தேர்ந்தெடுத்தது.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வெளியூர்க்காரர்கள் இதை 'அதிசயம்' என்று சொல்லும்போது, அதைச் செய்தவர்கள் யார் என்பது மறைந்துபோகிறது.

இணையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டுவந்தது ஏதோ ஒரு துடிப்பான தனியார் கம்பெனி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொண்டுவந்தது இ.பி.பி. என்ற மின்வாரியம், 1930களிலிருந்து இந்த நகரத்துக்கே சொந்தமான நிறுவனம். அவர்கள் ஃபைபர் என்ற ஒளியிழைக் கம்பி இழுத்ததற்கு முக்கியக் காரணமே மின்சாரம்தான். புயலில் மரம் விழுந்து கம்பி அறுந்தால், அந்தப் பகுதியை மட்டும் தானாகத் துண்டித்துவிட்டு மற்ற வீடுகளுக்கு வேறு வழியாக மின்சாரத்தைத் திருப்பிவிடும் சுவிட்சுகளை ஊரெங்கும் வைத்தார்கள். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஃபைபர் தேவைப்பட்டது. மத்திய அரசு சுமார் 11 கோடி டாலர் மானியம் கொடுத்தது. கேபிள் கம்பெனிகள் வழக்குப் போட்டுத் தடுக்கப் பார்த்தன, முடியவில்லை. ஆனால் இ.பி.பி. தன் மின் விநியோக எல்லையைத் தாண்டி இணையம் தரக்கூடாது என்ற மாநிலச் சட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. 2015இல் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிராமத்து வீட்டுக்காரர், பக்கத்து ஊரில் ஓடும் வேகத்தைக் கேள்விப்பட்டுக்கொண்டே தன் மெதுவான இணைப்போடு காலம் தள்ள வேண்டியதுதான். 2020இல் பள்ளிகள் மூடியபோது, வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இலவச இணையம் கொடுக்க இந்த ஊரால் முடிந்ததற்குக் காரணம், கம்பி பொதுச் சொத்தாக இருந்ததுதான். இங்கே வந்து பார்த்து வியக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஸ்டார்ட்அப் ஊர் என்று கைதட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இது கண்ணிலேயே படுவதில்லை.

ஏளனம் செய்கிறவர்களுக்கும் இந்த ஊர் மக்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். இங்குள்ள வோக்ஸ்வாகன் கார் ஆலையில், சங்கம் வேண்டுமா என்று தொழிலாளர்களிடம் 2014இல் நடந்த வாக்கெடுப்பில் யு.ஏ.டபிள்யூ. என்ற வாகனத் தொழிலாளர் சங்கம் 712க்கு 626 என்ற கணக்கில் தோற்றது. 2019இலும் தோற்றது. "தெற்கத்தி ஆட்கள், அவர்களுக்கு எங்கே சங்கம் புரியப்போகிறது" என்று அப்போது வடக்கே பேசியவர்கள் நிறைய. அரசியல்வாதிகள் கொடுத்த அழுத்தத்தையும், சங்கம் வந்தால் வேலை போய்விடும் என்று அவர்கள் கிளப்பிய பயத்தையும் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட இல்லை. 2024 ஏப்ரலில் ஆறு மாநில ஆளுநர்கள் சேர்ந்து எதிர்ப்பு அறிக்கை விட்ட பிறகும் 2,628 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள், எதிர்த்தவர்கள் 985 பேர்தான். ஆதரித்தவர்களில் பலர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள், வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள். தெற்கு என்றால் இப்படித்தான் என்று தொலைவிலிருந்து முடிவு கட்டிவிட்டவர்களுக்கு இவர்களைப் புரிந்துகொள்ளப் பொறுமை இருந்ததே இல்லை.

இனி அந்தப் பாலம். எல்லோரும் படம் எடுத்துப் போடுகிற அதே வால்நட் தெருப் பாலம். 1893இல் ஆல்ஃப்ரெட் பிளௌன்ட், 1906இல் எட் ஜான்சன் என்று இரண்டு கறுப்பின ஆண்களைக் கும்பல் அடித்து இழுத்துவந்து தூக்கிலிட்ட இடம் அது. எட் ஜான்சனுக்காக நோவா பார்டன் என்ற கறுப்பின வழக்கறிஞர் வாஷிங்டன் வரை போய் வாதாடி, உச்ச நீதிமன்றத்திடம் மரண தண்டனையை நிறுத்திவைக்கும் உத்தரவு வாங்கினார். அந்தச் செய்தி வந்த இரவே கும்பல் சிறைக்குள் புகுந்தது. உச்ச நீதிமன்றம், மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃப் ஜோசஃப் ஷிப் மீதும் மற்றவர்கள் மீதும் தானே நேரடியாக வழக்கு நடத்தி, 1909இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அது நடத்திய ஒரே குற்றவியல் விசாரணை அதுதான். பார்டனும் அவரோடு நின்ற ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸும் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. ஜான்சன் மீதான தீர்ப்பு 2000இல்தான் ரத்தானது. 2021இல் பாலத்தின் தென்முனையில் ஜான்சன், பார்டன், ஹட்சின்ஸ் மூவருக்கும் சிலை வைத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் கூடிப் பேசி, நிதி திரட்டி அமைத்த நினைவிடம் அது. இந்த ஊர் மாறியிருக்கிறது என்பதற்கு என்னைக் கேட்டால் அக்வேரியத்தைவிட அந்தச் சிலைகளைத்தான் காட்டுவேன். விருந்தினர்களை நான் முதலில் கூட்டிப்போவதும் அங்கேதான். சிலருக்கு முகம் மாறிவிடும், "ஜாலியா இருக்கலாம்னு வந்தோம்" என்பார்கள். பரவாயில்லை, ஐந்து நிமிடம் நின்று வாசித்துவிட்டுப் பாலத்தில் நடக்கட்டும்.

அதே கரையில், அக்வேரியத்துக்குப் பக்கத்தில், படிகளில் தண்ணீர் வழியும் இடம் ஒன்று இருக்கிறது. கோடையில் பிள்ளைகள் ஆடிக் களிப்பார்கள். 1838இல் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை அவர்கள் மண்ணிலிருந்து விரட்டியதன் நினைவாக அமைத்தது. இந்த ஊருக்கு இருந்த ராஸ் படகுத்துறை என்ற பழைய பெயரே செரோக்கித் தலைவர் ஜான் ராஸுடையதுதான்.

வீட்டு விலை கேட்கிறவர்களிடம் நான் ஊரின் தெற்குப் பக்கத்தைப் பற்றிப் பேசுவேன். காற்று சுத்தமாகிவிட்டது, உண்மை. மண் ஆகவில்லை. வார்ப்பாலைகளில் மிஞ்சிய கழிவு மணலை அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்து வீட்டு மனைகளை மேடாக்கக் கொட்டினார்கள். அதில் ஈயம். 2018இல் மத்தியச் சுற்றுச்சூழல் முகமை அந்தக் குடியிருப்புகளை, கடுமையாக மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்வதற்கான சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்த்தது. வீடு வீடாக மண்ணைச் சோதித்து, தோண்டி எடுத்து, புது மண் போடுகிற வேலை அது. குழந்தைகள் விளையாடும் மண்ணில் ஈயம் இருந்தால் அவர்கள் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். அந்த மண்ணில் தலைமுறையாகப் பிள்ளை வளர்த்தவர்கள் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர்கள், கறுப்பினக் குடும்பங்கள் நிறைய. இப்போது அந்தப் பக்கம்தான் காபிக் கடைகளும் புது அடுக்கு வீடுகளும் முளைக்கின்றன. மண் சுத்தமாகிற நேரத்தில் வாடகை ஏறுகிறது. புகையைச் சுவாசித்தவர்கள் சுத்தமான ஊரில் இருக்க முடியாமல் வெளியேறுகிறார்கள் என்பதை எந்தச் 'சிறந்த ஊர்' பட்டியலும் எழுதுவதில்லை.

என்னைப்போல் வேலைக்காக வந்தவர்களும் அந்த விலை உயர்வில் பங்குள்ளவர்களே. வராதீர்கள் என்று யாரையும் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. வாருங்கள். வீடு வாங்குகிறவர்கள் நகர மன்றக் கூட்டத்துக்கும் வாருங்கள், அவை பொதுமக்களுக்குத் திறந்தவைதான். மலிவு வீட்டுக்கு நிலம் ஒதுக்கும் பேச்சு வந்தால் "எங்கள் தெருவில் வேண்டாம்" என்று கைதூக்குகிறவர்களில் நம்மவர்களும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அந்த விஷயம் வரும்போது ஆதரித்துப் பேச நான் போகப்போகிறேன். இங்கே இருக்கிற தமிழ் நண்பர்கள் யாராவது கூட வருவதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.